புதுச்சேரி வெயிலில் ஹை கான்ட்ராஸ்ட்: ரோடினாலா, டி-19-ஆ?

எடுத்த ஃபிலிமில் உருவத்தை வெளிக்கொணரும் கரைசல்தான் டெவலப்பர். அதன் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரங்கள் பெரும்பாலும் 20 டிகிரி தண்ணீருக்கானவை. புதுச்சேரிக் குழாயில் 20 டிகிரி தண்ணீர் மார்கழி விடியற்காலையில்கூட வராது. மே மாத மதியம் மொட்டைமாடிக் கறுப்புத் தொட்டியிலிருந்து இறங்குவது கையைச் சுடும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் அழுத்தமான கான்ட்ராஸ்ட் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு) எடுக்க எது நல்ல டெவலப்பர் என்று குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதை அப்படியே நம்பி வாங்கினால், அது இங்கே காலை வாரிவிடும். கடைசிச் சுற்றில் நிற்கும் டெவலப்பர்கள் ரோடினாலும் டி-19-உம்தான். என் ஓட்டு ரோடினாலுக்கு. முக்கியக் காரணம் படத்தின் அழகு அல்ல, பாட்டிலின் ஆயுள்.

எந்த கான்ட்ராஸ்ட் வேண்டும் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ராக் பீச்சின் கறுப்புப் பாறையும் அதில் மோதும் நுரையும், ஐப்பசி மூட்டத்தில் கடலூர் தேவனாம்பட்டினக் கரையில் ஏற்றிவைத்த படகுகளும் ஒரு வகை. கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் விழ வேண்டும், நடுவில் கொஞ்சம் சாம்பலும் மிஞ்ச வேண்டும். வாசல் கோலம், பழைய பத்திரம், அச்சுத்தாள் இவற்றை நகலெடுப்பது இன்னொரு வகை. அங்கே சாம்பலே வேண்டாம், கோடும் தரையும் போதும். முதல் வகைக்கு ரோடினால் தாராளம். இரண்டாவதற்கு டி-19 பக்கம் போகத்தான் வேண்டும். ஒயிட் டவுனில் உச்சிவெயிலில் எடுத்த ரோலுக்கு இரண்டுமே தேவையில்லை. சுவருக்கும் வாசல் நிழலுக்கும் நடுவே வெயிலே வேண்டிய அளவு கான்ட்ராஸ்ட் கொடுத்துவிடும், அதற்கு மேல் ஏற்றினால் சுவரில் ஒரு விவரமும் மிஞ்சாது. வானம் மட்டும் கறுக்க வேண்டுமானால் லென்ஸில் ஆரஞ்சு ஃபில்டர் மாட்டுவது சுலபம்.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். டி-76 எல்லோருக்கும் பழகியது. லிட்டருக்கு 100 கிராம் சல்பைட் (டெவலப்பரைக் காற்றில் கெடாமல் காக்கும் உப்பு) கொண்ட மென்மையான கரைசல். நேரத்தை நீட்டினால் கான்ட்ராஸ்ட் ஏறும்: இல்ஃபோர்ட் நிறுவனத்தில் அதற்கு ஈடான ஐடி-11-ஐத் தண்ணீர் சேர்க்காமல் போட்டால் ஹெச்பி5 பிளஸ் என்ற 400 வேக ஃபிலிமுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம், கேமராவில் வேகத்தை 1600-ஆக வைத்து எடுத்ததற்கு 14 நிமிடம். ஆனால் அத்தனை சல்பைட் வெள்ளித் துகளின் ஓரத்தைக் கரைத்து வழவழப்பாக்கிவிடுவதால் கோட்டில் வெட்டு வராது. ஹெச்சி-110 என்ற திரவ டெவலப்பரின் ‘பி’ கலவை அதே ஃபிலிமுக்கு 20 டிகிரியில் 5 நிமிடம். 28 டிகிரியில் அது இரண்டரை நிமிடத்துக்குச் சுருங்கும், டெவலப் செய்யும் டேங்கில் ஊற்றி வடிப்பதிலேயே அரை நிமிடம் போய்விடும். தவிர, 2019-க்குப் பிறகு வரும் ஹெச்சி-110 பழைய பாகு அல்ல. வருடக்கணக்கில் கெடாமல் நின்றது என்ற பழைய பேச்சை இதன் மேல் ஏற்றக்கூடாது. டெக்டால் பிரிண்ட் போடும் பேப்பருக்கு உரியது, ஃபிலிமில் போட்டால் சொரசொரப்பு தாங்காது.

டி-19-ஐக் கடையில் தேட வேண்டியதில்லை, வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 90 கிராம், ஹைட்ரோகுயினோன் 8 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 45 கிராம், பொட்டாசியம் புரோமைடு 5 கிராம். 50 டிகிரி வெந்நீர் 500 மில்லியில் ஆரம்பித்து, ஒன்று முழுதாகக் கரைந்த பிறகே அடுத்ததைப் போட்டு, கடைசியில் ஒரு லிட்டராக நிரப்ப வேண்டும். வரிசை மாறக்கூடாது. சல்பைட் நிறைந்த தண்ணீரில் மெட்டால் கரையாமல் வெள்ளையாக மிதக்கும், அதனால்தான் அது முதலில் போகிறது. கார்பனேட்டுக்குப் பதிலாகப் படிக வாஷிங் சோடா கிடைத்தால் எடை 121 கிராம். அதையும் 45 என்று போட்டுவிட்டு, கான்ட்ராஸ்ட் வரவில்லையே என்று ஃபிலிமைத் திட்டுகிறவர்கள் உண்டு. படிகம் வெளுத்து மாவாகியிருந்தால் அதிலுள்ள நீர் எவ்வளவு போயிற்று என்பதே தெரியாது. அந்தச் சோடா துணி துவைக்கத்தான்.

இதில் டெவலப் செய்யும் பொருள்கள் மெட்டாலும் ஹைட்ரோகுயினோனும். இதன் வலிமை எங்கிருந்து வருகிறது என்றால், ஹைட்ரோகுயினோனிடமிருந்து. டி-76-இலும் அது 5 கிராம் இருக்கிறது, ஆனால் போராக்ஸின் இளங்காரத்தில் மெட்டாலுக்குக் கைகொடுப்பதோடு சரி. கார்பனேட்டின் காரத்தில் அதுவே தன் முழு வேகத்தையும் காட்டும். வெளிச்சம் பட்ட இடத்தை அது கருக்குகிறது, படாத இடத்தைப் புரோமைடு அடக்கிவைக்கிறது. சாணம் தெளித்த தரையில் போட்ட மாக்கோலத்தை இல்ஃபோர்ட் ஆர்த்தோ பிளஸ் ஃபிலிமில் எடுத்து இதில் போட்டால், புள்ளியும் இழையும் அச்சுக்கட்டை போல நிற்கும். ஆர்த்தோ ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது என்பதால் அடர்சிவப்பு விளக்கில் கண்ணால் பார்த்தபடியே டெவலப் செய்யலாம். அதே காரணத்தால் கோலத்தைச் சுற்றிய காவிக் கரை தரையோடு தரையாகக் கறுத்து மறைந்துவிடும். காவியும் வேண்டும் என்பவர் சாதாரண ஃபிலிம்தான் போட வேண்டும்.

வெயிலில் இதே ஹைட்ரோகுயினோன்தான் வம்பு செய்கிறது. வெப்பம் ஏற ஏற மெட்டாலைவிட இது வேகமாகத் துள்ளும். நேரத்தைக் குறைத்தாலும் கான்ட்ராஸ்ட் சொன்ன இடத்தில் நிற்காது, வெளிச்சம் படாத இடத்திலும் கறுப்பு படியும் ஃபாகும் ஏறும். கார்பனேட் ஊறிய ஃபிலிமை டெவலப்பரை நிறுத்தும் அமிலக் கரைசலான ஸ்டாப்பில் நேரே போட்டால், இளகிய எமல்ஷனுக்குள் (ஃபிலிமின் மேலுள்ள ஜெலட்டின் பூச்சு) சோடா பொங்கி ஊசிமுனை ஓட்டைகள் விழும். டி-19-க்கு ஸ்டாப் வேண்டாம், வெறும் தண்ணீரை இரண்டு முறை மாற்றி அலசினால் போதும். பயன்படுத்துவதென்றால் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் சேர்த்து, 24 டிகிரிக்கு மேல் போகாமல், ரோலின் நுனியில் வெட்டிய துண்டில் சோதித்து நேரத்தைப் பிடிப்பதே வழி. இந்த நேரம் ஃபிலிமுக்கு ஃபிலிம் மாறும். வேறொருவர் சொன்ன எண் தொடக்கப்புள்ளி மட்டுமே.

இனி ஆயுள். சாதாரண ஒரு ரோல் டேங்குக்கு 290 மில்லி வேண்டும். ஒன்றுக்கு ஒன்று கலந்தால் அதில் டி-19 145 மில்லி. லிட்டருக்கு ஆறு ரோல், கொஞ்சம் மிச்சம். மாதம் ஒரு ரோல் எடுப்பவருக்கு அது அரை வருடச் சரக்கு. இந்த வகைக் கரைசல் கழுத்துவரை நிரம்பி இறுக மூடியிருந்தால் ஆறு மாதம் தாங்கும் என்பது குளிர்ந்த அறையின் கணக்கு. பத்து டிகிரி ஏறினால் வேதிவினை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்ற பொது விதியை வைத்துப் பார்த்தால், 32 டிகிரி அறையில் அதில் பாதிதான் மிஞ்சும். அதுவும் பாட்டில் நிரம்பியிருந்தால். ஒவ்வொரு முறை 145 மில்லி எடுக்கும்போதும் அந்த இடத்தில் காற்று உட்கார்ந்துகொள்கிறது. சின்னப் பழுப்புக் கண்ணாடி பாட்டில்கள் ஏழில் பிரித்து, விளிம்புவரை ஊற்றி மூடி வைப்பது ஓரளவு காக்கும். மெல்லிய குடிநீர் பாட்டில் உதவாது, அதன் சுவர் வழியாகவே ஆக்சிஜன் போகும்.

கெட்டுப்போவதைவிட மோசம், எந்த அளவு கெட்டது என்று தெரியாமல் இருப்பது. டி-76 வைத்திருக்க வைத்திருக்கக் காரம் ஏறிக் கொஞ்ச நாள் கூடுதலாக வேலை செய்யும், பிறகு படுத்துவிடும். டி-19 சத்தமில்லாமல் இளைக்கும். டீ நிறம் வந்த பிறகு கொட்டிவிடுவோம் சரி, அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் போட்ட ரோல்? சாதாரணப் படத்தில் பத்து சதவீத வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட்டை ஓரம்வரை இழுத்த படத்தில் அதே பத்து சதவீதத்தில் நுரை விவரமில்லாத வெள்ளைக் கட்டியாகிவிடும், அல்லது பாறை சாம்பலாகிவிடும்.

ரோடினாலில் இந்தக் கவலை கிடையாது. 1891-இல் ஆக்ஃபா விற்கத் தொடங்கிய சரக்கு, இன்று அடோனால், ஆர்09 என்ற பெயர்களில் வருகிறது. பாரா அமினோஃபீனால் என்ற ஒரே டெவலப்பிங் பொருள், கடுங்காரத்தில் கெட்டியாகக் கரைந்து நிற்கிறது. பாதி காலியான பாட்டில்கூட வருடக்கணக்கில் வேலை செய்யும். நிறம் ஃபில்டர் காபி டிகாக்‌ஷன் மாதிரி கறுத்தாலும், அடியில் படிகம் உட்கார்ந்தாலும் பயப்பட வேண்டாம். டி-76 அந்த நிறத்துக்கு வந்தால் சாக்கடைக்குத்தான். 500 மில்லி பாட்டிலில் 1+25 கலவைக்கு (ஒரு பங்குக்கு 25 பங்கு தண்ணீர்) டேங்குக்கு 11 மில்லி, ஏறத்தாழ 45 ரோல். 1+50-க்கு ஆறு மில்லிக்குச் சற்றுக் குறைவு, 80 ரோலுக்கு மேல். முதல் ரோலுக்கும் கடைசி ரோலுக்கும் நடுவே இரண்டு கோடை போனாலும் நேரத்தை மாற்ற வேண்டியதில்லை.

கான்ட்ராஸ்ட்டுக்கு 1+25 என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஹெச்பி5 பிளஸ்ஸுக்கு அது 20 டிகிரியில் 6 நிமிடம், 26 டிகிரியில் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானத்தில் திட்டுத்திட்டாக விழும் அபாயம் உண்டு. இந்த ஊருக்கு 1+50 நல்லது. 20 டிகிரியில் 11 நிமிடம், 26 டிகிரியில் ஆறே முக்கால். அதோடு நாற்பது சதவீதம் கூட்டினால் ஒன்பதரை நிமிடம். முதல் அரை நிமிடம் விடாமல் கவிழ்த்து நிமிர்த்தி, பிறகு ஒவ்வொரு 30 விநாடிக்கும் இரண்டு முறை. அடிக்கடி ஆட்டுவதில்தான் பாதி கான்ட்ராஸ்ட் இருக்கிறது: வெளிச்சம் பட்ட இடத்தில் களைத்த கரைசல் விலகிப் புதுசு வந்தால்தான் அங்கே கறுப்பு ஏறும். 1+100 கலந்து ஒரு மணி நேரம் ஆட்டாமல் ஊறவைக்கும் முறைக்கு ரசிகர்கள் அதிகம். அது கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும் முறை. முப்பது டிகிரியில் ஃபாகும் சேரும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிழல் பகுதியில் ஃபிலிமின் வேகம் அரை ஸ்டாப்புக்கு (இங்கே வெளிச்ச அளவு) மேல் குறையும். நிழல் எப்படியும் கறுப்பாகத்தான் விழப்போகிறது என்றால் இது பொருட்டல்ல. ரவை மாதிரி கிரெயின் தெரியும், 400 ஃபிலிமில் நன்றாகவே. அது பிடிக்காதவர் பான் எஃப் போன்ற மெதுவான ஃபிலிமுக்குப் போகலாம். அளப்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது: ஆறு மில்லியில் ஒரு மில்லி பிசகினால் கிட்டத்தட்ட பதினேழு சதவீதம். மெடிக்கல் ஷாப்பில் 10 மில்லி சிரிஞ்ச் வாங்கி, ஊசியைக் கழற்றிவிட்டு, குமிழி இல்லாமல் உறிஞ்சி, கலவைத் தண்ணீரிலேயே மூன்று முறை இழுத்துவிட்டு அலச வேண்டும். கைக்குக் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி. கலந்ததை அரை மணிக்குள் பயன்படுத்திவிட்டு ஊற்றிவிட வேண்டும். பாட்டிலில் நெடுநாள் நிற்கும் சரக்கு, தண்ணீர் பட்டதும் அற்பாயுசு.

வெப்பத்தைப் பிடிக்க மண்பானையை நம்ப முடியாது. கடலோர ஈரக்காற்றில் ஆவியாதல் மந்தம், அதனால் பானைத் தண்ணீர் உள்நாட்டில் குளிர்வதுபோல இங்கே குளிர்வதில்லை. ஐந்து லிட்டர் டப் தண்ணீரை 30-இலிருந்து 24 டிகிரிக்கு இறக்க ஏறத்தாழ 300 கிராம் ஐஸ் போதும். டெவலப்பர், ஸ்டாப், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் மூன்றையும் பாட்டிலோடு அந்த டப்பில் நிறுத்த வேண்டும். ஐஸைக் கரைசலுக்குள் போடக்கூடாது, போட்டால் 1+50 எங்கேயோ போய்விடும். கழுவும் தண்ணீரையும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசத்துக்குள் வைத்தால் எமல்ஷன் சுருங்காது. ரோடினாலில் கார்பனேட்டின் பொங்கல் இல்லாததால் வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு என்ற ஸ்டாப் தைரியமாகப் போடலாம்.

பாட்டில் வாங்க முடியாதவருக்கு வீட்டு வழி உண்டு: 500 மில்லிகிராம் பாராசிட்டமால் 30 மாத்திரை, சோடியம் சல்பைட் 50 கிராம், காஸ்டிக் சோடா 20 கிராம், மொத்தம் 250 மில்லி. காஸ்டிக்கைக் குளிர்ந்த தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மூன்று நாள் விட்டால் மாத்திரையின் மாவு அடியில் படியும், தெளிவை மட்டும் இறுத்துக்கொள்ளலாம். ரோடினாலுக்குக் கிட்டே வரும், அதுவே ஆகாது. மேலே சொன்ன ஒன்பதரை நிமிடத்தை இதற்கு மறுபடி சோதிக்க வேண்டும்.

எந்த டெவலப்பரானாலும் கலக்க போர் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரின் உப்பும் கடினமும் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். அதே உப்பு ஃபிலிமில் காய்ந்தால் நெகட்டிவில் வெளிச்சத்தை மறைத்து, பிரிண்டில் கறுப்புப் பாறை மேல் வெள்ளைப் புள்ளியாக விழும். அப்படி ஆகிவிட்டால் துடைக்காதீர்கள், கீறிவிடும். அந்த வினிகர் ஸ்டாப்பில் இரண்டு நிமிடம் ஊறவைத்து, கேன் தண்ணீரில் அலசி மறுபடி தொங்கவிட்டால் போய்விடும்.