ஜிம்னி: ஜீட்டாவா, ஆல்ஃபாவா? மலைப்பாதையில் தினமும் ஓட்டுபவரின் கணக்கு

கோத்தகிரியில் குடியிருந்துகொண்டு குன்னூரில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டில் பாதி நாட்கள் மழையும் பனிமூட்டமும்தான் வழித்துணை. என் வீடு தார்ச்சாலையிலிருந்து இன்னும் ஒரு கிலோமீட்டர் கீழே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. அந்த ஒரு கிலோமீட்டரும் மண்பாதை. நல்ல மழை பெய்தால் பசுந்தேயிலை ஏற்றும் டிராக்டரே அங்கே திணறும். பழைய சிறிய காரை மேலே சாலையோரத்தில் நிறுத்திவிட்டுக் குடை பிடித்து இறங்கிய நாட்கள் போதும் என்று தோன்றியபோதுதான், 2024 தொடக்கத்தில் நான்கு சக்கரங்களுக்கும் விசை தரக்கூடிய மாருதி சுஸுகி ஜிம்னி வாங்கினேன். அதன் இரண்டு வகைகளில் விலை குறைந்த ஜீட்டா, மேனுவல் கியர்.

அன்றிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, “இன்னும் கொஞ்சம் போட்டு ஆல்ஃபாவே எடுத்திருக்கலாமே?” என்பதுதான். இரண்டையும் ஓட்டியிருக்கிறேன். நண்பர் ஒருவரின் ஆல்ஃபா இரண்டு வாரம் என்னிடம் இருந்தது. அது ஆட்டோமேட்டிக் என்பதால் ஒப்பீடு முழுமையானதல்ல. ஆனாலும் பதில் சொல்லும் அளவுக்குத் தெரியும்.

முதலில் விலை. 2023 ஜூனில் ஐந்து கதவு ஜிம்னி அறிமுகமானபோது ஜீட்டா மேனுவலின் ஷோரூம் விலை 12.74 லட்சம் ரூபாய், ஆல்ஃபா மேனுவல் 13.69 லட்சம். இடைவெளி 95,000 ரூபாய். ஆனால் கையிலிருந்து போவது அதோடு நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட சாலை வரியின்படி, 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 18 சதவீதம். அந்த 95,000க்கு மட்டும் வரி 17,100 ரூபாய். காப்பீட்டிலும் சிறிது கூடும். ஆக, அன்றைய விலையில் ஆல்ஃபா என்பது ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்தை ஒட்டிய கூடுதல் செலவு. 2023 இறுதியில் தொடங்கிய பெரிய தள்ளுபடிகளால் இந்தக் கணக்கு அவ்வப்போது முன்பின்னாக மாறியது. என்றாலும் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத்தான் வாங்குபவர் பார்க்க வேண்டும்.

அந்தப் பணத்துக்கு எது கிடைக்கிறது என்பதைவிட, எது கூடுதலாகக் கிடைப்பதில்லை என்பதுதான் ஜிம்னியில் முக்கியம். ஏணி வடிவ அடிச்சட்டகம், முன்னும் பின்னும் ஒற்றைத் தண்டாக அமைந்த அச்சுகள், 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 105 குதிரைத்திறன் தரும் ஒன்றரை லிட்டர் பெட்ரோல் எஞ்சின், கையால் இழுத்து மாற்றும் நான்கு சக்கர இயக்க நெம்புகோல், அதில் கடும் ஏற்றத்துக்கான தாழ்ந்த கியர் விகிதம் என எல்லாமே இரண்டிலும் ஒன்றுதான். ஒரு சக்கரம் மண்ணில் வழுக்கிச் சுழன்றால் அதை மட்டும் பிரேக் பிடித்து மறு சக்கரத்துக்கு விசையைத் தள்ளும் ஏற்பாடும் இரண்டிலும் உண்டு. ஆறு காற்றுப்பைகள், இறக்கத்தில் வேகத்தைத் தானே அடக்கும் வசதி, பின்பக்கக் கேமரா ஆகியவற்றிலும் வேறுபாடு இல்லை. வேறு பல வண்டிகளில் நான்கு சக்கர இயக்கமே உயர்ந்த வகைக்கு மட்டும் ஒதுக்கப்பட்டிருக்கும். இங்கே அடிப்படை வகையிலேயே அது முழுதாக இருக்கிறது. என் மண்பாதையில் மழை நாளில் இரண்டு வண்டிகளும் ஒரே மாதிரிதான் ஏறின.

இருவருக்கும் பொதுவான ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறேன். உலர்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டக் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் இறுகப் பிணைந்துவிடுவதால் வளைவில் திரும்பும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று இழுத்து, தேய்மானம் முழுவதும் பல்சக்கரங்களின் தலையில் விழும். புதிதாக வாங்கியவர்கள் ஆர்வத்தில் இந்தத் தவற்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஆல்ஃபாவில் மட்டும் கிடைப்பவை. ஏழு அங்குலத் திரைக்குப் பதில் ஒன்பது அங்குலத் திரை. எஞ்சினைக் கிளப்பச் சாவிக்குப் பதில் பொத்தான். தானியங்கி ஏசி. வேகத்தைத் தானே ஒரே அளவில் வைக்கும் குரூஸ் கண்ட்ரோல். தோல் உறையிட்ட ஸ்டீயரிங். இவற்றில் எதையும் நான் தேடவில்லை. கோத்தகிரி–குன்னூர் சாலையில் ஒரே வேகத்தில் இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் போக இடமே கிடையாது, குரூஸ் கண்ட்ரோலை எங்கே போடுவது? கோவை, திருப்பூர் பக்கம் சமவெளியில் ஓட்டுபவருக்கு அது வேறு கதை. ஏசி எங்களுக்குக் குளிர்ச்சிக்காக அல்ல, கண்ணாடியின் உட்புறம் படியும் ஆவியை விரட்டத்தான். அதற்குக் கையால் திருகும் ஏசியே தாராளம்.

என் முடிவைத் தீர்மானித்தது சக்கரம். ஜீட்டாவில் இரும்புச் சக்கரம், ஆல்ஃபாவில் அலாய் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரம். டயர் அளவு இரண்டிலும் 195/80 ஆர்15 தான். பார்ப்பதற்கு அலாய் அழகு, மறுப்பதற்கில்லை. வாங்கும்போது எனக்கும் சற்று மனக்குறை இருந்தது. அது தீர்ந்தது 2024 நவம்பர் மழையில்.

அன்று மாலை பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. மேட்டிலிருந்து மண்ணோடு உருண்டு வந்த கல் ஒன்று வளைவின் உட்புறம் கிடந்தது. தலையளவு இருக்கும். இடது முன்சக்கரம் அதன் மேல் ஏறி இறங்கியது. ஓசையிலேயே தெரிந்துவிட்டது, டயர் தப்பினாலும் ரிம் தப்பாது என்று. மெல்லக் காற்று இறங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே கட்டபெட்டு வரை வந்து சேர்ந்து, பஞ்சர் கடையில் நிறுத்தினேன். ரிம்மின் உள்விளிம்பு இரண்டு விரல் அகலத்துக்கு மடங்கியிருந்தது. கடைக்காரர் டயரைக் கழற்றி, விளிம்பைச் சூடேற்றாமலே ஒரு கட்டையை அண்டக்கொடுத்துச் சம்மட்டியால் தட்டி நிமிர்த்தினார். டயரை மாட்டிக் காற்றடித்துச் சோப்பு நீர் ஊற்றிப் பார்த்தார். குமிழி வரவில்லை. “அலாயாக இருந்திருந்தால் நான் கையே வைத்திருக்க மாட்டேன், சார். கோயம்புத்தூருக்கு அனுப்பியிருப்பேன்” என்றார். முக்கால் மணி நேரத்தில் மீண்டும் சாலையில் இருந்தேன்.

அவர் சொன்னதில் மிகையில்லை. இரும்பு அடிபட்டால் வளையும், தட்டினால் பழைய வடிவத்துக்குப் பெரும்பாலும் திரும்பும். வார்ப்பு அலுமினிய அலாய் ஓரளவுக்கு மேல் வளைந்து கொடுக்காமல் விரிசல் விடும். அந்த விரிசல் மயிரிழையாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது. டயரில் தினமும் காற்றுக் குறையும்போதுதான் சந்தேகமே வரும். அலாயை வெல்டிங் செய்து தருபவர்கள் உண்டு. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டியில் வெல்டிங் செய்த சக்கரத்தை மாட்ட எனக்கு மனம் வராது. என் மைத்துனரின் சிறிய காரில் இப்படி ஒரு அலாய் விரிசல் விட்டு, புதிய சக்கரம் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அவருக்கு அது விடுமுறை வண்டி, பொறுத்துக்கொண்டார். எனக்கு வண்டி நின்றால் வேலை நின்றுவிடும். உதிரிச் சக்கரம் ஒன்று பின்கதவில் தொங்கத்தான் செய்கிறது. அதை மாட்டிய பிறகு அடுத்த கல்லுக்கு உதிரி கிடையாது.

இரும்புச் சக்கரத்துக்கும் குறைகள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமாகாது. கல் பட்டுப் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் எங்கள் ஈரத்துக்கு ஒரே பருவத்தில் துரு பிடிக்கும். ஒவ்வொரு மே மாதமும், பருவமழைக்கு முன்னால், கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறுப்புப் பெயிண்ட் அடிக்கிறேன். ஐந்து சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இன்னொன்றும் உண்டு. தட்டி நிமிர்த்திய சக்கரத்தைக் கட்டாயம் பேலன்ஸ் செய்ய வேண்டும். ஜிம்னியின் முன் அச்சு ஒற்றைத் தண்டு. ஒரு சக்கரத்தில் சமநிலை குலைந்தாலும் ஸ்டீயரிங் கையில் நடுங்கத் தொடங்கும். எங்கள் சாலையில் ஐம்பதைத் தாண்டுவதே அரிது என்பதால் எனக்கு முதலில் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து மேட்டுப்பாளையம் தாண்டிச் சமவெளியில் எழுபதைத் தொட்டபோது ஸ்டீயரிங் உதறியது. பேலன்ஸ் செய்ததும் அடங்கிவிட்டது. சக்கரத்தின் உட்புறம் சேறு அப்பிக் காய்ந்தாலும் இதே நடுக்கம் வரும். மண்பாதைக்காரர்கள் பட்டறைக்கு ஓடுமுன் ஒருமுறை உட்புறத்தைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவிப் பார்ப்பது நல்லது.

எங்கள் மலையில் மாருதி ஜிப்சியும் பழைய ஜீப்பும் இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் எதுவும் உடையாது என்பதல்ல. உடைந்தால் அடுத்த ஊரிலேயே ஒருவர் சரிசெய்துவிடுவார். 1985இல் வந்த ஜிப்சியின் வழித்தோன்றல்தான் ஜிம்னி. அந்தக் குணம் ஆல்ஃபாவைவிட ஜீட்டாவில் ஒரு பிடி அதிகம் தங்கியிருக்கிறது என்பது என் நம்பிக்கை.

ஆல்ஃபா என்னை உண்மையில் தடுமாற வைத்த ஓரிடம் முகப்பு விளக்கு. அதில் எல்இடி, ஜீட்டாவில் ஹாலஜன். மழையில்லாத இருட்டில் ஆல்ஃபாவின் வெளிச்சம் வெகுதூரம் சீராகப் பரவுகிறது. சாலையோரம் நிற்கும் காட்டெருமையை நான் என் வண்டியில் பார்ப்பதற்கு முன்பே நண்பரின் வண்டியில் பார்த்தேன். கோத்தகிரிப் பக்கம் இரவில் ஓட்டியவர்களுக்கு அந்த இரண்டு மூன்று நொடியின் மதிப்பு தெரியும். அடர்ந்த பனிமூட்டத்தில் இந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது. வெள்ளை ஒளி சுவர்போல் திரும்பி முகத்தில் அடிக்க, ஹாலஜனின் மஞ்சள் சாயல் கண்ணுக்குச் சற்று இதமாகப்பட்டது. இது இரண்டு வாரத்தில் மூன்று பனிமூட்ட இரவுகளை வைத்துச் சொல்வது, அவ்வளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். பழுது என்று வந்தால் ஹாலஜனுக்குப் பல்பு மாற்றினால் போதும். இரண்டு பல்புகளை எப்போதும் டாஷ்போர்டு அறையில் வைத்திருக்கிறேன். எல்இடி பழுதானாலோ முகப்பில் இடி வாங்கினாலோ விளக்குத் தொகுதியையே மாற்ற வேண்டியிருக்கும்.

அதனால் இரவில் அதிகம் ஓட்டுபவர், குறிப்பாக நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், ஆல்ஃபா எடுப்பதை நான் தடுக்க மாட்டேன். சக்கரத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். அளவு ஒன்றே என்பதால் ஆல்ஃபாவுக்கு இரும்பு ரிம்களும், ஜீட்டாவுக்கு அலாயும் பொருந்தும். பெரிய திரையையும் வெளியில் மாட்டிக்கொள்ள முடியும். முகப்பு எல்இடியையும் குரூஸ் கண்ட்ரோலையும் ஜீட்டாவில் பிறகு சேர்ப்பது அவ்வளவு எளிதல்ல. ஒயரை வெட்டி ஒட்டினால் உத்தரவாதத்துக்கு இடையூறு வரலாம். வாங்கும் நாளிலேயே இதை யோசித்துவிட வேண்டும்.

கியர் பற்றி என்னால் அரைகுறையாகத்தான் சொல்ல முடியும். ஆட்டோமேட்டிக் நான்கே கியர் கொண்டது. ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இறக்கத்தில் அதைக் கீழ்க் கியரில் பிடித்துவைக்க வழியிருக்கிறது, ஆனால் மேனுவலில் இரண்டாம் கியர் தரும் பிடிப்பு எனக்குப் பழகியது. குன்னூர் கடைத்தெரு நெரிசலில் நண்பரின் வண்டி இடது காலுக்குத் தந்த ஓய்வை நினைத்தால், முழங்கால் வலி உள்ளவருக்கு நான் ஆட்டோமேட்டிக்கைத்தான் சொல்வேன்.

மறுவிற்பனையைப் பற்றி வாங்குபவர்கள் நிறையக் கவலைப்படுகிறார்கள். நான் இன்னும் விற்கவில்லை, ஆதலால் கைக்கணக்கு ஏதும் இல்லை. பழைய கார் வாங்குபவர் முதலில் அலாயையும் திரையையும் பார்ப்பார், ஆல்ஃபாவுக்குக் கூடுதல் விலை கேட்க முடியும் என்பது சரியே. ஆனால் அன்று கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்தில் சாலை வரிப் பகுதி திரும்பி வரப்போவதில்லை. நான் பத்தாண்டு வைத்திருக்க நினைத்து வாங்கியவன். மூன்றாண்டில் மாற்றும் வழக்கமுள்ளவர் இந்தப் பத்தியை வேறு கண்ணோடு படிக்க வேண்டும்.

இன்னொன்று: இரண்டு வகையிலும் இருக்கை நான்குதான். நாங்கள் வீட்டில் நால்வர். ஐந்தாவதாக என் அம்மா ஊரிலிருந்து வரும் நாட்களில் மகன் பஸ்ஸில் வருகிறான்.