அமெரிக்க உள்நாட்டுப் போர் பலகை விளையாட்டு: கப்பல்கள் அருமை, சரக்கில்தான் குறை

சிங்கப்பூரில் பிராஸ் பாசா பக்கம் ஒரு கடையில் 90 வெள்ளிக்கு வாங்கினேன். இருவர் ஆடுவது. தெற்கு மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கின் கடற்படை அடைக்க வேண்டும், தெற்கு அதை மீறிச் சரக்கு கொண்டுவர வேண்டும். இங்கே தஞ்சோங் பகார் துறைமுகத்தில் 27 வருடம் டேலி கிளார்க்காகச் சரக்கு எண்ணியவன் நான். பெட்டியில் துறைமுகப் படத்தைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்குமா?

முற்றுகையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். 1861 ஏப்ரலில் லிங்கன் அதை அறிவித்தபோது காக்க வேண்டிய கரை ஏறத்தாழ 5,600 கிலோமீட்டர். கையில் இருந்த கப்பல்களோ கொஞ்சம். ஆட்டத்திலும் முதல் சில சுற்றுகளுக்கு வடக்கு எங்கே போய் நின்றாலும் வேறெங்கோ ஓட்டை விழுகிறது. நிலவில்லா இரவு அட்டை வந்துவிட்டால், சாம்பல் வண்ணம் பூசிய வேகக் கப்பல்கள் பஹாமாஸ் தீவுகளின் நசாவ் துறைமுகத்திலிருந்து தெற்கின் வில்மிங்டன் துறைமுகத்துக்கு நழுவிவிடும். கடலில் துரத்திக்கொண்டே இருந்தால் தீராது, துறைமுகத்தையே பிடிக்க வேண்டும் என்பது ஆட ஆடப் புரிகிறது. 1862இல் நியூ ஆர்லியன்ஸ் வடக்கின் கைக்குப் போனதும் மிசிசிப்பி ஆற்றின் வாய் அடைபட்டது. அதைக் காக்காமல் விட்டுத்தான் என் மகன் தோற்றான்.

வரைபடம் அட்லாண்டிக்கோடு முடிந்துவிடுவது எனக்கு வருத்தம். தெற்கின் அலபாமா என்ற போர்க்கப்பல் 1863 டிசம்பரில் சிங்கப்பூருக்கே வந்தது. இன்றைய கெப்பல் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு போய், மலாக்கா நீரிணையில் ஒரு வணிகக் கப்பலைப் பிடித்து எரித்தது. அதற்குப் பயந்து அமெரிக்க வணிகக் கப்பல்கள் பல இங்கேயே முடங்கிக் கிடந்தன. நான் தினமும் வேலைக்குப் போன கரைக்குப் பக்கம் அது!

சரி, பெரிய குறைக்கு வருகிறேன். சரக்கு என்றால் இதில் ஆயுதம், பருத்தி என இரண்டே வில்லைகள். என் மாமியார் 1990க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டவர். பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளை உப்பு, சவுக்காரம் எங்கை தம்பி?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தெற்கு அடிமைமுறையைக் காக்கப் போரிட்டது, அந்த அரசின் மேல் எனக்குப் பரிவில்லை. ஆனால் முற்றுகை அடுப்படிக்குள் நுழையும் விதத்தைக் காட்டாமல் எப்படி? அங்கே இறைச்சியைப் பதப்படுத்த உப்பு கிடைக்கவில்லை. 1863 ஏப்ரலில் தெற்கின் தலைநகர் ரிச்மண்டில் பெண்கள் ரொட்டி கேட்டுக் கடைகளை உடைத்தார்கள். கப்பல்காரர்களோ லாபத்துக்காகப் பட்டும் மதுவும் ஏற்றி வந்தார்கள். 1864 பிப்ரவரியில்தான் ஆடம்பரச் சரக்கைத் தடுக்கத் தெற்கு அரசு சட்டம் போட்டது.

இப்போது நாங்கள் மாமியின் தையல் டப்பாவிலிருந்து வெள்ளைப் பொத்தான்களை எடுத்து உப்பாக வைத்து ஆடுகிறோம். மூன்று சுற்றுக்குள் பொத்தான் வந்து சேராத துறைமுகம் ஓர் அட்டையை இழக்கும். துப்பாக்கியா உப்பா என்று ஒவ்வொரு கப்பலுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மகன் முதல்முறையாக அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடவில்லை.

வாங்கலாம். முதல் ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். விதிப்புத்தகத்தில் எழுத்து ரொம்பப் பொடி, மூக்குக்கண்ணாடி வேண்டும். பொத்தான்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கும்.