28 என்று மட்டும் எழுதாதீர்கள்: பம்ப் பாட்டிலோடு மூன்று வருடம்

நண்பர் ஒருவர் நேற்று கேட்டார்: "நீங்க வெச்சிருக்கிற அந்த பம்ப் என் பாட்டிலுக்கும் வருமா? ரெண்டும் 28 தானே?" அந்த "28 தானே"வுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருடமாகத் திரவ சோப்பை 28-410 என்ற அளவுக் கழுத்துள்ள பாட்டில்களில் ஊற்றி வைக்கிறேன் (அந்த எண்களின் அர்த்தம் கீழே வரும்). முதலில் வாங்கிய நான்கு பம்புகளில் மூன்று இன்றும் சீராக அமுங்குகின்றன. ஒன்றில் ஸ்பிரிங் போனது. வேறு கம்பெனியின் 28-410 பம்ப் ஒன்றை வாங்கித் திருகினேன், அச்சாக உட்கார்ந்தது. பாட்டிலைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே வரவில்லை. யாரோ செய்த பாட்டிலுக்கு வேறு யாரோ செய்த மூடி பொருந்துவது எவ்வளவு பெரிய வசதி என்று அன்றுதான் உணர்ந்தேன்.

போன வருடம் இன்னும் ஆறு பாட்டில் வாங்கினேன். விவரத்தில் "28 மி.மீ. கழுத்து" என்று மட்டும் போட்டிருந்தார்கள். பம்ப் திருகியது, மரை பிடித்தது, இறுகி நின்றது. ஊருக்குப் போகும்போது பம்பைப் பூட்டி, பையில் படுக்க வைத்தேன். போய்த் திறந்தால் துணியெல்லாம் சோப்பு. இரண்டு நாள் பம்பைத் திட்டினேன். அது தப்பு, பம்பில் ஒரு குறையும் இல்லை.

பாட்டில் வாயின் விளிம்பில் பேனா மையைத் தடவி, பம்பின் மூடியை இறுக்கிக் கழற்றிப் பார்த்தேன். வாயோடு ஒட்டிக் கசிவைத் தடுக்க மூடிக்குள் இருக்கும் லைனரில் ஒரு புள்ளி மைகூட ஒட்டவில்லை. மூடியின் அடிவிளிம்பு பாட்டிலின் தோளில் முட்டி நின்றுவிட்டது. கைக்குத் தெரிந்தது அந்த முட்டலின் இறுக்கம்தான். லைனர் வாயைத் தொடவே இல்லை.

வந்தவை 28-400 பாட்டில்கள். முதல் எண் மரையோடு சேர்த்த வெளி விட்டம். அதுவும் தோராயம்தான், அளந்தால் 27.5 பக்கம் காட்டும். இரண்டாவது எண்தான் மரையின் அமைப்பைச் சொல்கிறது. 400 என்றால் ஏறக்குறைய ஒரு சுற்று, 410 என்றால் ஒன்றரை, 415 என்றால் இரண்டு. அதற்கேற்பக் கழுத்தின் உயரமும் மாறும். 28-400 கழுத்து சுமார் 10 மி.மீ. உயரம், 28-410 சுமார் 18. உயரக் கழுத்துக்குச் செய்த மூடியைக் குட்டைக் கழுத்தில் போட்டால் வேறென்ன ஆகும்? விற்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. மூன்று இலக்கம் சேர்த்து எழுத என்ன கஷ்டம் என்று இன்றுவரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

400 மட்டமான அளவும் இல்லை. ஸ்பிரே தலைகள் நிறைய அந்த அளவில்தான் வருகின்றன. என் ஆறு பாட்டிலும் இப்போது ஸ்பிரேக்குத்தான் பயன்படுகின்றன, ஒரு சொட்டுக் கசிவில்லை.

ஆனாலும் நண்பரிடம், பம்பும் பாட்டிலும் ஒரே இடத்தில் ஜோடியாக வாங்குங்கள் என்றுதான் சொன்னேன். மாற்றிப் போடும் வசதியை இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்றால், இரண்டு எண்ணையும் எழுதாத வரை அந்த வசதியை நம்பி அவரைப் பணம் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கையில் இருக்கும் பாட்டிலின் வாய் விளிம்பிலிருந்து தோள் வரை ஸ்கேல் வைத்துப் படம் அனுப்பச் சொன்னேன். இப்போதுதான் வந்தது. 10-ல் நிற்கிறது. அந்த பம்பை வாங்க வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன்.