43 வயதில் மறுபடி மாணவி: நான் படித்த ஓராண்டு மாலை வகுப்பு பற்றி

ரத்த மாதிரி எடுப்பதும் ஆய்வக அடிப்படை வேலைகளும் சேர்ந்த ஓராண்டுப் படிப்பு. வேலைக்குப் போகிறவர்களுக்கான மாலை வகுப்பு. போன மாதம் முடித்தேன். அங்குள்ள பயிற்சி அறைக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். மருத்துவமனைப் பயிற்சியை அவர்கள் ஏற்பாடு செய்த விதத்துக்குப் பாதி கூடக் கொடுக்க மனம் வரவில்லை. சேர யோசிப்பவர்களுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பதினேழு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர் ரத்தம் எடுப்பதற்காக இறுக்கிக் கட்டும் டூர்னிகே பட்டையை அப்பாவின் இடது கையில் கட்டிவிட்டார். அது ஃபிஸ்துலா போட்ட கை. டயாலிசிஸுக்காகவே தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்த கை. அதில் பட்டை கட்டக் கூடாது, பிபி பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூடாது. மூத்த டெக்னீஷியன் ஒருவர் ஓடிவந்து பட்டையை அவிழ்த்தார். பக்கத்தில் இருந்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை என்பது அன்று இரவு முழுக்க உறுத்தியது. இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டது அந்த வாரத்தில்தான்.

முதலில் பயிற்சி அறை. ஆறு செயற்கைக் கைகள், தோலுக்கு அடியில் குழாய், அதில் சிவப்புத் திரவம். 50 தடவை சரியாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் கையெழுத்து வாங்கிய பிறகுதான் சக மாணவரின் கையைத் தொடலாம். அதற்கும் பிறகுதான் நோயாளி. இந்த வரிசையை எங்கள் ஆசிரியை யாருக்காகவும் தளர்த்தவில்லை. எண்ணிக்கையை மட்டும் அவர் பார்க்கவில்லை. பட்டை ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கணக்கில் சேராது. ஊசி 30 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலும் சேராது. ஊசியை வெளியே இழுப்பதற்கு முன் பட்டையை அவிழ்க்க மறந்தாலும் அப்படித்தான். 38-வது முயற்சியில் நான் அதை மறந்தேன். "உண்மையான கையா இருந்தா இந்த இடம் இப்ப வீங்கியிருக்கும்க்கா" என்றார். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். அதில் இருவருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

முதல் வாரத்தில் அவர் ஒரு சொல்லை எங்களிடமிருந்து பிடுங்கிப் போட்டார். நாம் எல்லோரும் "நரம்பு கிடைக்கல", "நரம்புல ஊசி போட்டாங்க" என்றுதான் பேசுகிறோம். வகுப்பில் அப்படிச் சொன்னால் உடனே நிறுத்துவார். ரத்தம் ஓடுவது சிரை. உணர்வையும் அசைவையும் கடத்துவதுதான் நரம்பு. முழங்கை மடிப்பின் உள்பக்கம், அதாவது சுண்டுவிரல் பக்கமாக ஓடும் பேசிலிக் சிரைக்கு அருகிலேயே பிரேக்கியல் தமனியும் மீடியன் நரம்பும் இருக்கின்றன. அதனால்தான் முதலில் நடுவில் உள்ள மீடியன் க்யூபிட்டல் சிரையைத் தேடு, அடுத்து கட்டைவிரல் பக்கத்து செஃபாலிக், பேசிலிக் கடைசி என்று வரிசை வைத்திருக்கிறார்கள். குத்தும்போது ஷாக் அடித்த மாதிரி விரல் வரை சுரீர் என்று இழுக்கிறது என்று நோயாளி சொன்னால், ஊசியை உடனே எடுத்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துப் பழகிய வாய்க்கு இந்த வித்தியாசம் மனதில் பதிய நாளாகும். என் இடது கையிலேயே நீல ஸ்கெட்ச் பேனாவால் சிரையையும் மஞ்சளால் நரம்பையும் வரைந்துதான் நான் படித்தேன். அதோடுதான் மறுநாள் அலுவலகத்துக்கும் போனேன்.

குழாய்களின் வரிசையைக் கற்றுக்கொடுத்த நாளை மறக்க மாட்டேன். ஒரே நோயாளியின், ஒரே நாளில் வந்த இரண்டு ரிப்போர்ட்டுகளை மேசையில் வைத்தார். ஒன்றில் பொட்டாசியம் சாதாரண அளவு. மற்றதில் உயிரோடு இருப்பவருக்கு வரவே முடியாத அளவு. "இவருக்கு என்ன நோய்?" என்றார். சிறுநீரகம், இதயம் என்று சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்கு நோயைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் கணக்கு எழுதிய கண், இரண்டாவது ரிப்போர்ட்டில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருந்ததில் போய் நின்றது. ஒன்று ஏறியிருக்கிறது, இன்னொன்று அதே சமயம் இறங்கியிருக்கிறது, இரண்டுக்கும் காரணம் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஊதா மூடிக் குழாயில் இருப்பது ஈடிடிஏவின் பொட்டாசியம் உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் ரத்தம் உறையாமல் இருக்கிறது. அந்த ரத்தத்தை யாரோ சீரம் குழாயில், அதாவது ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் நீரைப் பரிசோதிக்கும் குழாயில், ஊற்றியிருக்கிறார்கள். நோயாளிக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த எண்ணை நம்பி மருந்து கொடுத்திருந்தால்? நீல மூடி சிட்ரேட் குழாய் முன்னே, பிறகு சீரம், பச்சை மூடி ஹெப்பாரின், அப்புறம் ஊதா, கடைசியில் சாம்பல் என்று மனப்பாடம் செய்த வரிசைக்கு அன்றுதான் எனக்குப் பொருள் புரிந்தது: ஒரு குழாயில் இருப்பது ஊசி வழியாக அடுத்த குழாயில் கலந்து முடிவைக் கெடுத்துவிடக் கூடாது. பதினேழு வருட வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறேன் என்ற எண்ணமும் அன்றோடு போயிற்று.

கை கழுவும் வகுப்பும் நன்றாக இருந்தது. புற ஊதா விளக்கில் ஒளிரும் ஜெல்லைத் தடவி, கழுவச் சொல்லி, விளக்கின் கீழ் கையை நீட்டச் சொன்னார்கள். என் கட்டைவிரல் இரண்டும் பளிச்சென்று ஒளிர்ந்தன. சோப்பால் கழுவ 40 முதல் 60 நொடி ஆக வேண்டும். நான் அதுவரை வாழ்நாளில் அவ்வளவு நேரம் கழுவியதே இல்லை. 1847-இல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ், பிணப் பரிசோதனை செய்துவிட்டுப் பிரசவ அறைக்கு வரும் மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்ததையும், அதன்பின் பிரசவக் காய்ச்சல் சாவுகள் சட்டென்று குறைந்ததையும் ஆசிரியை அப்போது சொன்னார்.

இருதய இயக்க மீட்பு, அதாவது சிபிஆர் வகுப்பு ஒரு நாள்தான். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ.க்குக் குறையாத ஆழம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. எனக்கு அது போதவில்லை. உடற்கூறியல் பாடம் முழுக்கப் பதிவு செய்த வீடியோ. சந்தேகம் கேட்க ஆள் இல்லை. அதற்காகப் புகார் சொன்னோம், மாறவில்லை.

இனி மருத்துவமனைப் பயிற்சி. சேரும்போது "வேலைக்குப் போறவங்களுக்கு ஏத்த நேரத்துல போடுவோம்" என்று வாயால் சொன்னார்கள். கையில் வந்த அட்டவணையில் எல்லாமே வார நாட்களின் காலை நேரம். சாப்பிடாமல் எடுக்க வேண்டிய ரத்தம் காலையில்தான் எடுக்கப்படும் என்பது நியாயம்தான், ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். எங்கள் குழுவில் இரண்டு பேர் விடுப்பு கிடைக்காமல் அந்த இடத்தில் படிப்பை விட்டார்கள். ஒருவர் இரண்டு பிள்ளைகளின் தாய், பயிற்சி அறையில் எங்கள் எல்லோரையும்விடக் கைத்திறன் உள்ளவர். அவர் போனதை நினைத்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது.

இதைவிடப் பெரிய குறை, ஹெப்படைடிஸ் பி தடுப்பூசி பற்றி மூன்றாவது மாதம்தான் வாயைத் திறந்தார்கள். வழக்கமான முறையில் அது மூன்று ஊசி: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. அதன்பின் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களை எடுத்துக்கொண்ட மருத்துவமனை அந்தப் பரிசோதனை முடிவு இல்லாமல் உள்ளே விடவில்லை. அவர்கள் செய்தது சரி. ஆனால் சேர்க்கைக் கடிதத்தில் ஒரு வரி இருந்திருந்தால், சிறுவயதில் போடாத நாங்கள் சேர்ந்த நாளே ஆரம்பித்திருப்போம். படிப்பு முடியும் கடைசி நேரத்தில் எல்லோரும் நெரிசலாகப் பயிற்சிக்கு ஓட வேண்டி வந்திருக்காது.

உள்ளே போன பிறகு கிடைத்த பயிற்சி நல்ல பயிற்சி என்பதையும் சொல்ல வேண்டும். என் முதல் நோயாளி எழுபதைத் தாண்டிய பெரியவர். பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுச் சீட்டோடு ஒப்பிட்டேன். பட்டை கட்டித் தடவிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நிமிடம் ஆகப்போகிறது என்று அவிழ்த்துவிட்டேன். "நரம்பு கிடைக்கலையாம்மா?" என்றார். "கொஞ்சம் பொறுங்க அய்யா, கையைத் தொங்கப் போட்டுக்குங்க" என்றேன். இரண்டு நிமிடம் கழித்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் தேடினேன். அமுக்கினால் துள்ளி எழும்பும் அந்தச் சிரை விரலுக்குத் தட்டுப்பட்டது. மூன்று குழாய் எடுத்தேன். அவர் பக்கத்தில் நின்றே பெயர்ச்சீட்டு ஒட்டினேன். பின்னால் நின்ற மேற்பார்வையாளர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, நோட்டில் கையெழுத்து மட்டும் போட்டார்.

சான்றிதழை உங்கள் பகுதியில் வேலை கொடுப்பவர்கள் ஏற்கிறார்களா என்று நேரில் போய்க் கேளுங்கள். பயிற்சி எந்த மருத்துவமனையில், எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம் என்பதை எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். பயிற்சி அறையை ஒரு மாலை போய்ப் பாருங்கள். ஒரு செயற்கைக் கைக்கு எத்தனை மாணவர்கள் நிற்கிறார்கள் என்று எண்ணினாலே பாதி தெரிந்துவிடும். எங்கள் இடத்தில் மூன்று பேர்.

பழைய அலுவலகத்துத் தோழி, 39 வயது, அடுத்த குழுவில் சேரலாமா என்று நேற்று கேட்டாள். சேரலாம் என்றேன். விண்ணப்பத்தை மெதுவாக நிரப்பிக்கொள், முதல் தடுப்பூசியை இந்த வாரமே போட்டுவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.