முறிந்த போல்ட்டும் லெஃப்ட் டிரில்லும்: ஏழு வருட அனுபவம்

கோவை கணபதியில் சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். புது வேலையைவிடப் பழுது வேலைதான் அதிகம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை நார் மிஷின், சோமனூர் விசைத்தறியின் பாகம், தோட்டத்து மோனோபிளாக் பம்பு என்று எது வந்தாலும் பாதிக்கு ஒரே நோய்தான். கழற்றும்போது போல்ட்டின் தலை ஸ்பேனரோடு வந்துவிடும், உடல் உள்ளேயே நின்றுவிடும். அப்படி வந்தால் ஏழு வருடங்களாக நான் முதலில் கையில் எடுப்பது லெஃப்ட் டிரில்.

சாதாரண டிரில் வலப்பக்கம் சுற்றி வெட்டுகிறது. போல்ட்டும் வலப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். ஆக, முறிந்த போல்ட்டைச் சாதாரண டிரில்லால் துளைப்பவர் அதை எடுக்கும் முன்பே இன்னும் கொஞ்சம் இறுக்கிவிடுகிறார். லெஃப்ட் டிரில்லின் பள்ளங்கள் எதிர்த்திசையில் முறுக்கப்பட்டவை. மிஷினை ரிவர்ஸில் ஓட்டினால் அதன் ஒவ்வொரு கடியும் போல்ட்டைக் கழற்றும் பக்கமே தள்ளும். நடுவில் துளை விழுந்தவுடன் போல்ட் மரையை அழுத்தும் விசை குறைகிறது. சூடும் அதிர்வும் சேர்ந்து துருவின் பிடியைத் தளர்த்துகின்றன.

முதன்முதலில் இதைப் பார்த்தது என் மாமாவின் ஆட்டோ லேத் (தானியங்கி லேத்) பட்டறையில். ரிவர்ஸில் சுற்றும் ஸ்பிண்டிலுக்கு இடப்பக்கம் வெட்டும் டிரில்தானே வேண்டும்? நடுவில் திசை மாற்றும் ஐட்லர் கியர் இல்லாத மல்டி ஸ்பிண்டில் ஹெட்டிலும் (ஒரே நேரத்தில் பல துளை போடும் தலை) அப்படித்தான், பக்கத்துப் பக்கத்து ஸ்பிண்டில்கள் எதிரெதிராகச் சுற்றும். உற்பத்திக்காக வந்த பொருள்தான் பழுது பார்ப்பவன் கைக்கும் வந்து சேர்ந்தது. மாமா கொடுத்த 5 மி.மீ. லெஃப்ட் டிரில்லோடுதான் என் கணக்கு ஆரம்பம்.

அன்னூர்ப் பக்கமிருந்து ஒரு பெரியவர் பம்பைக் கொண்டுவந்து இறக்கினார். தண்ணீர் வெளியேறும் டெலிவரி பக்கத்து எம்10 (10 மி.மீ. தடிமன்) ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், வார்ப்பிரும்பின் மட்டத்திலேயே முறிந்திருந்தது. "தென்னைக்குத் தண்ணீர் விட்டு நான்கு நாள் ஆகிறது தம்பி, எப்படியாவது எடுத்துக் கொடுங்கள்" என்றார். முறிந்த முகத்தைக் கிரைண்டரால் சமமாக்கி, நடுவில் பஞ்ச் அடித்து, 3 மி.மீ. துளை இறக்கிவிட்டு 5 மி.மீ. லெஃப்ட் டிரில்லை மாட்டினேன். முக்கால் பங்கு இறங்கியபோது டிரில் சட்டென்று கவ்வியது. நான் கையை எடுக்கும் முன்பே ஸ்டட் செந்துருப் பொடியைச் சிந்திக்கொண்டு டிரில்லோடு ஏறி வந்துவிட்டது. உள்மரையில் ஒரு கீறல் இல்லை. மரை வெட்டும் டேப் ஒன்றை விட்டுச் சுத்தம் செய்ததோடு வேலை முடிந்தது. அந்தக் கணம் கையில் உணர்ந்த நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

எல்லா நாளும் அப்படி அமையாது. என் கணக்கில் பத்துக்கு நான்கு, மிஞ்சினால் ஐந்து இப்படித் தானாக ஏறி வரும். அளவுக்கு மேல் இறுக்கியதாலோ அதிர்வாலோ முறிந்த போல்ட் என்றால் நம்பிக்கையோடு தொடங்கலாம், ஏனென்றால் அதன் மரை பிடித்துக்கொண்டிருக்காது. வருடக்கணக்கில் மழையிலும் சாணத்திலும் கிடந்து துருவேறியது லேசில் அசையாது. அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால் இன்னும் மோசம். ஒரு கியர் கவரில் எம்6 ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு இரவெல்லாம் எண்ணெய் ஊற வைத்தும் அது நகரவே இல்லை. ஆனால் துளை மிகச் சரியாக நடுவில் விழுந்திருந்தது. அதனால் 5 மி.மீ. வரை போய், மீந்த மரைச் சுருளை ஊசி முனையால் உரித்தெடுத்து, அதே இடத்தில் எம்6 டேப் ஓட்ட முடிந்தது. முறிந்த போல்ட்டுக்குள் இறக்கி முறுக்கிக் கழற்றும் ஈசி அவுட் போடுவதானாலும் முதலில் துளை வேண்டும். அந்தத் துளையை லெஃப்ட் டிரில்லால் போட்டால் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை. ஈசி அவுட்டையே முதலில் நம்பி முறுக்கி, அது உள்ளே ஒடிந்து, மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மிஷினைத் தேடி ஓடியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒடிந்த டேப்பில் மட்டும் இதைக் காட்ட வேண்டாம். டேப்பும் டிரில்லும் ஒரே கடினம், டிரில்தான் கெடும்.

எம்12-க்கு மேல் என்றால், முறிந்த முனை எட்டும் இடத்தில் இருந்தால், நான் நட் வைத்து வெல்டிங் செய்துவிடுகிறேன். அந்தச் சூடு வேறு எதற்கும் வராது.

கை டிரில்லை ரிவர்ஸில் வைத்து அழுத்தும் முன், டிரில்லைப் பிடிக்கும் சக்கின் தாடைகளை முழுவதும் விரித்து உள்ளே பாருங்கள். அங்கே இடது மரை ஸ்க்ரூ ஒன்று இருக்க வேண்டும். சக் வலது மரையில் மாட்டியிருப்பதால், அந்த ஸ்க்ரூ இல்லாவிட்டால் ரிவர்ஸில் சக்கே கழன்று வரும். ஒருமுறை எனக்கு அப்படிக் கழன்று காலருகே விழுந்தது. லேத்தில் சக் மரையால் மாட்டியிருந்தாலும் இதே ஆபத்துதான். தூணில் நிற்கும் பில்லர் டிரில்லில் சக்கை மரையில்லாமல் பிடிக்கும் கூம்புத் தண்டு (டேப்பர் ஆர்பர்) இருப்பதால் கவலையில்லை. மூன்று ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றினால் திசை மாறும். நான் ஃபார்வர்ட் ரிவர்ஸ் ஸ்விட்ச் போட்டுவிட்டேன். வேகம் குறைவாக வையுங்கள். 5 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 300, 400 சுற்று போதும். வேகமாக வெட்டுவதல்ல, கவ்வ வைப்பதுதான் வேலை.

சாணை பிடிப்பதுதான் எனக்கு அதிக நாள் எடுத்தது. சாதாரண டிரில்லைக் கல்லில் வைத்தால் கை தானாக ஒரு பக்கம் சுழலும். இதற்கு அந்தப் பழக்கம் அத்தனையையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்ற வேண்டும். ஆரம்பத்தில் ஒரு உதடு (வெட்டும் விளிம்பு) நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் போய் துளை பெருத்தது. பழைய டிரில் இரண்டைப் பலி கொடுத்துப் பழகிய பிறகே கை வந்தது. 135 டிகிரி ஸ்பிளிட் பாயிண்ட் (நடுவில் பிளந்து கூராக்கிய முனை) உள்ளது பஞ்ச் குழியிலிருந்து வழுக்காது. கோபால்ட் கலந்தது 8.8 தர வலுவான போல்ட்டையும் நன்றாக வெட்டும். ஆனால் கை டிரில்லில் சாய்ந்தால் முறியும், பில்லர் டிரில்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிரைண்டரின் இடப்பக்க ஸ்பிண்டில் போல இடது மரை போல்ட் முறிந்தால் இதையெல்லாம் தேட வேண்டாம், வழக்கமான டிரில்லே கழற்றிக் கொடுக்கும்.

புதிதாக வாங்குபவர்கள் பெரிய செட்டுக்குப் பணம் போட வேண்டாம். எம்6-க்கு 3.5, எம்8-க்கும் எம்10-க்கும் 5, எம்12-க்கு 6.5 என்று மூன்று அளவு எடுத்துக்கொள்ளுங்கள். 5 மட்டும் இரண்டாக வாங்குங்கள். மாமா கொடுத்தது தேய்ந்து தேய்ந்து சுண்டுவிரல் நீளத்துக்கு வந்துவிட்டது, இன்னும் வெட்டுகிறது.