வீடு கட்டும்போதே ஆய்வு: எந்த வருகைக்குப் பணம் கொடுக்கலாம்?

சாவி வாங்கும் முன் வந்து பார்க்கும் ஆய்வும், கட்டும்போதே கட்டங்கட்டமாக வந்து பார்க்கும் ஆய்வும் ஒன்றல்ல. முதலாவதில் டைல்ஸைத் தட்டிப் பார்ப்பார்கள், கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்ப்பார்கள். அதில் வரும் குறைகளை அப்புறமும் சரிசெய்துகொள்ளலாம். கான்கிரீட்டுக்குள் போன கம்பியை அப்படிச் செய்ய முடியாது. ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், கட்டும்போது நடக்கும் ஆய்வையே எடுங்கள்.

அஸ்திவாரத்துக்கான வருகை சீக்கிரம் முடிந்துவிடும். குழியின் ஆழம், அடியில் தளர்ந்த மண்ணோ தேங்கிய தண்ணீரோ இருக்கிறதா, காலம் (தூண்) கம்பி சென்டரில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு தெரிவது ஸ்லாப் கம்பி கட்டி முடிந்து கான்கிரீட் போடுவதற்கு முன்னால் வரும் வருகையில்தான்.

நல்ல ஆய்வாளர் அங்கே வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு டேப்பால் அளப்பார். 150 மி.மீ. இடைவெளி என்று போட்டிருக்கும் இடத்தில் 200 வந்திருந்தால், அங்கே கம்பி கால்பங்கு குறைந்துவிட்டது. கம்பியின் எடையையும் பார்ப்பார்: விட்டத்தை மி.மீ. கணக்கில் அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு ஏறக்குறைய 0.89 கிலோ இருக்க வேண்டும். ரிங்கின் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கொக்கி 135 டிகிரி உள்பக்கம் மடிந்திருக்கிறதா, லேப் (கம்பியோடு கம்பி சேர்த்து நீட்டும் இடம்) எல்லாம் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறதா, கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லியை முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் விடமாட்டார். கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன், குறைந்தால் ஈரம் சீக்கிரம் கம்பியை எட்டும். துருப்பிடித்த கம்பி உப்பும்; உப்பினால் கான்கிரீட் பெயர்ந்து விழும்.

பால்கனியில் ஆய்வாளர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதை வைத்தே அவருடைய தரத்தைச் சொல்லிவிடலாம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாபில் பாரத்தைத் தாங்குவது மேல் கம்பி. அதன் அடியில் சேர் (மேல் கம்பியைத் தாங்கி நிறுத்தும் வளைத்த கம்பி) வைக்காமல் விட்டால், கான்கிரீட் போடும் ஆட்கள் மிதித்தே அமுக்கிவிடுவார்கள். மேல்மட்டத்திலிருந்து கம்பி மையம் வரை 25 மி.மீ. இருக்கும் 100 மி.மீ. தடிமனான ஸ்லாபில், அந்தக் கம்பி இன்னும் 25 மி.மீ. இறங்கினால் பயன்படும் ஆழம் (ஸ்லாபின் அடியிலிருந்து கம்பி மையம் வரை) 75-லிருந்து 50 ஆகிவிடும். தாங்குதிறனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. பூச்சு வேலை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது.

பெரும்பாலான பேக்கேஜ்களில் பெரிய ஓட்டை இங்கேதான்: கம்பியைப் பார்த்துவிட்டுப் போகும் ஆய்வாளர் கான்கிரீட் போடும் நேரத்தில் இருக்கமாட்டார். கலவை இறுகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றுவதும், வைப்ரேட்டர் படாமல் காலம் அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழுவதும் அந்த நேரத்தில்தான். அன்றைக்கு அவர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டியான கியூப், அன்று போட்ட கலவையிலிருந்தே எடுத்ததாக, தேதியும் இடமும் குறித்ததாக இருக்க வேண்டும். அதன் 28 நாள் சோதனை முடிவுதான் கணக்கு. பின்னால் வந்து ரீபவுண்ட் ஹாமரால் தட்டிப் பார்த்து 'வலிமை சரி' என்று எழுதித் தருபவரை நம்ப வேண்டாம். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் காட்டும். சந்தேகமான இடத்தைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, தீர்ப்புச் சொல்லாது.

பூச்சுக்கு முந்தைய வருகையும் காசுக்குத் தகும். குடிநீர்ப் பைப்பில் அழுத்தம் ஏற்றி, மானி முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். குளியலறை சங்கன் ஸ்லாபில் (பைப்புக்காகத் தாழ்த்திப் போட்ட தளம்) வாட்டர்புரூஃபிங் காய்ந்த பிறகு தண்ணீரைத் தேக்கி, குறைந்தது 24 மணி நேரம் விட்டு, கீழ்த்தளத்திலிருந்து பார்க்க வேண்டும். மேலே நின்று நீர்மட்டத்தை மட்டும் பார்த்து முடிப்பவர்கள் பாதி வேலையைத்தான் செய்கிறார்கள். பெயின்ட், தரைச் சரிவு போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அதற்குத் தனி வருகை தேவையில்லை.

அறிக்கை எப்படி இருக்க வேண்டும்? டேப் வைத்து எடுத்த படம், எந்தக் காலம், எந்த பீம் என்ற எண், வரைபடத்தில் உள்ள அளவு, தளத்தில் கிடைத்த அளவு. 'வேலை திருப்திகரம்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தால் எந்தப் பயனும் இல்லை. ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்ப்பவர். பீமின் அளவே தவறா என்று சொல்வது ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரின் வேலை. வரைபடம் கேட்காமலே ஆய்வுக்கு ஒப்புக்கொள்பவரைத் தவிர்த்துவிடுங்கள்.

கட்டணத்தை நீங்களே நேரடியாகக் கொடுங்கள். காண்ட்ராக்டர் ஏற்பாடு செய்து தரும் ஆய்வாளர் வேண்டாம். காண்ட்ராக்டருடன் போடும் ஒப்பந்தத்தில், ஆய்வாளர் எழுத்தில் ஒப்புதல் தராமல் கான்கிரீட் போடக் கூடாது, அந்தக் கட்டத்துக்கான தவணையும் கிடையாது என்று சேர்த்துவிடுங்கள். இந்த வரி இல்லையென்றால், குறை சொன்னாலும் வேலை நிற்காது. கம்பியைச் சரிபார்க்கும் வருகை கான்கிரீட் போடும் நாள் காலையில் இருக்கக் கூடாது. மிக்சரும் ஆட்களும் காத்திருக்கும்போது நாற்பது சேர் வைக்கச் சொன்னால் யாரும் வைக்கமாட்டார்கள். முந்தின நாள் மதியத்துக்குள் பார்த்துவிட்டால் திருத்த நேரம் கிடைக்கும். திருத்தியதை மறுபடி வந்து பார்ப்பதற்கு தனிக் கட்டணமா, பேக்கேஜிலேயே சேர்ந்ததா என்பதையும் முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.