குளியல் துணிக்கு வாஃபிள் பின்னலா, பாப்கார்ன் பின்னலா?

கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேயில் குளியல் துணி பின்ன ஆசைப்பட்டால், நூல்கண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்துத்தான் பெரும்பாலும் வாங்குகிறோம். காய்ந்த நூலின் மென்மையை நம்பி நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன். நனைந்ததும் எப்படி மாறுகிறது, குளித்து முடித்துத் தொங்கவிட்டால் எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்று பார்த்தே இப்போது தேர்வு செய்கிறேன்.

மேடுபள்ளமான பின்னல்கள் நிறைய இருந்தாலும், என் கையில் நிலைத்தவை இரண்டுதான்.

வாஃபிள் என்பது சதுரம் சதுரமாகக் குழி விழும் பின்னல். முதல் வரிசை முழுக்க டபுள் குரோஷே, அதாவது ஊசியில் ஒருமுறை நூலைச் சுற்றிக்கொண்டு போடும் உயரமான கண்ணி. (இது அமெரிக்கப் பெயர். பிரிட்டன் முறையில் எழுதிய குறிப்பில் இதே கண்ணிக்கு ட்ரெபிள் என்று பெயர். இதைக் கவனிக்காமல் தொடங்கினால் அவிழ்க்க வேண்டி வரும்.) இரண்டாம் வரிசையில், கீழ்வரிசையில் உள்ள ஒரு கண்ணியின் தண்டை (தலைக்குக் கீழே நிற்கும் பகுதியை) முன்பக்கமாகச் சுற்றிப் போட்டு, அடுத்த இரண்டைச் சாதாரணமாகப் போட வேண்டும். மூன்றாம் வரிசையில் இது அப்படியே மாறும்: தண்டு சுற்றிய கண்ணியின்மேல் சாதாரணக் கண்ணி, மற்ற இரண்டுக்கும் தண்டைச் சுற்றல். நாலைந்து வரிசை ஏறியதும் குழிகள் தெரியத் தொடங்கும். அந்தக் குழிகளில்தான் சோப்பு நுரை தங்கும், அதனால் கொஞ்சம் சோப்பே போதும். இரண்டு பக்கமும் தேய்க்கலாம். ஆனால் தண்டைச் சுற்றுவதால் துணி அகலத்தில் சுருங்கும், நூலும் அதிகம் இழுக்கும். கண்டு பாதியில் தீர்ந்து, அதே சாயத்தில் இன்னொன்று கிடைக்காமல் தவித்த அனுபவம் எனக்குண்டு. இப்போதெல்லாம் ஒரு கண்டு கூடுதலாகவே வாங்கிவிடுகிறேன்.

பாப்கார்ன் வேறு குணம். ஒரே கண்ணியில் ஐந்து டபுள் குரோஷே போட்டு, ஊசியை உருவி, முதல் கண்ணியின் தலையில் நுழைத்து, விட்ட வளையத்தை அதன் வழியே இழுத்தால் ஒரு குமிழ் எழும்பும். ஒரு பக்கம் குமிழ், மறுபக்கம் சமதளம். முரட்டு முழங்கைக்கு ஒன்று, கழுத்துக்கு மற்றொன்று. ஐந்தையும் முடிக்காமல் சேர்த்து இழுக்கும் பாபிள் என்ற பின்னலும் பார்க்க இதைப் போலத்தான் இருக்கும். ஆனால் விரலால் அழுத்தினால் படிந்துவிடும், பாப்கார்ன் நிமிர்ந்து நிற்கும். தேய்ப்பதற்கு என் ஓட்டு பாப்கார்னுக்கே. முகத்துக்கு மட்டும் வேண்டாம், அங்கே வாஃபிள்தான்.

காய்வதில் இரண்டும் மெதுவானவை. குமிழ்களை நெருக்கமாக வைத்தால் இன்னும் மோசம். ஒரு குமிழுக்கும் அடுத்ததற்கும் இடையில் மூன்று சாதாரணக் கண்ணி விட்டால் காற்று புகும்.

நூலைப் பொறுத்தவரை பருத்தி முன்னால் நிற்கிறது. நனைந்தால் அதன் வலு கூடும், தண்ணீரையும் நன்றாக உறிஞ்சும். முகத்துணிக்குப் பளபளப்பில்லாத பருத்தியே எடுங்கள். 1850-இல் ஜான் மெர்சர் காப்புரிமை பெற்ற மெர்சரைஸ் முறையில் பதப்படுத்திய நூல் வழுவழுப்பாக இருக்கும். அதை ஓரப் பின்னலுக்கு வைத்துக்கொள்ளலாம். அக்ரிலிக் தண்ணீரை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, துவைக்கும்போது நுண்ணிய பிளாஸ்டிக் இழைகளையும் உதிர்க்கும். உடம்பில் தேய்க்க அதை நான் எடுப்பதில்லை. சணல் பார்க்க அழகுதான், ஆனால் ஈரத்தில் வலுவிழக்கும்.

முதுகு தேய்க்கும் பட்டையில்தான் பருத்தி என்னை ஏமாற்றியது. ஈரம் ஏறிய கனத்தில் தொங்கித் தொங்கி நீண்டு, சில வாரங்களில் முழங்கால்வரை வந்துவிட்டது. அடுத்ததை லினனில் போட்டேன். புது நூல் விறைப்பாக இருப்பதால் விரல் வலித்தது, ஊசியும் முரண்டு பிடித்தது. துவைக்கத் துவைக்க இளகியது, ஆனால் நீளவில்லை, பருத்தியைவிட வேகமாகவும் காய்கிறது. அகலவாக்கில் குட்டி வரிசைகளாகப் போடாமல், நீளவாக்கில் சங்கிலி போட்டு, கண்ணித் தலையின் இரண்டு வளையங்களில் பின்வளையத்தில் மட்டும் சிங்கிள் குரோஷே (டபுளைவிடக் குட்டையான கண்ணி) போட்டுப் போங்கள். அப்படிப் போட்டால் இழுவை அகலத்துக்குப் போய்விடும், நீளம் நிற்கும். இரு முனையிலும் கைப்பிடி வளையத்தை இரட்டை நூலில் பின்னுங்கள், அறுவது எப்போதும் அங்கிருந்துதான்.